மலை தெரியட்டும் என்று

முப்பத்தாறு பனை. ஒரு வாக்கியத்துக்காக. வெட்டியவர்கள் கூலிக்கு வந்தவர்கள்; மறுநாளே மரமறுக்கும் வாளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். வாக்கியத்தை எழுதியவன் நான். இன்றும் அது எனக்கு மனப்பாடம். யாரிடமும் சொல்வதில்லை. இங்கே சொல்லத்தான் வேண்டும், கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

ஆறு ஊருக்குள் வந்த மார்கழியில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே வாடகைக்கு இருந்தேன். கோயம்புத்தூர் விளம்பரக் கம்பெனியை விட்டுவிட்டு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன்பு சென்னை, அதற்கு முன்பு ஓசூர். நாற்பத்தெட்டு வயதில் என்னிடம் இருந்ததெல்லாம் புத்தகங்கள்தான், அவற்றையும் தாமிரபரணி ஒரு பகலில் வாசித்து முடித்துவிட்டது. ஈரப் பையோடு முக்கூடலைத் தாண்டி அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வெள்ளம் வந்தாத்தான் வீட்டுக்கு வருவியாலே?" என்றாள். பிறகு துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

அக்கா மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தான் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். பிள்ளைகள் ஒருவன் துபாயில், ஒருத்தி ஓமலூரில். ஆற்றுக்கு வடக்கே செம்மண் மேடு ஒன்று உண்டு. அதில் எங்கள் அப்பா விட்டுப்போன நிலத்தில் என் பங்கை நான் முப்பது வயதிலேயே விற்றுத் தின்றுவிட்டேன். அவள் பங்கை அவள் வைத்திருந்தாள். கிழக்கே வீடு, வீட்டை ஒட்டி முருங்கைத் தோட்டம், அதற்கு மேற்கே பரந்து கிடக்கும் தரிசு, தரிசின் மேற்கு எல்லையில் பனை வரிசை. அப்பாவின் அப்பா போட்ட கொட்டைகள். நாங்கள் பிறக்கும்போதே அவை வானத்தைத் தொட்டுவிட்டன. மரங்களுக்கு இடையில் வடலிகள், அதாவது இன்னும் உயராத இளம்பனைகள், தரையிலிருந்தே மட்டை விரித்து அடைத்துக்கொண்டு நின்றன. ஆடு நுழையாது. பார்வையும் நுழையாது.

நான் பிறந்ததிலிருந்து பார்த்த மேற்கு அதுதான். மேற்கு என்றால் கறுப்பாகச் சலசலக்கும் ஒன்று என்று நினைத்து வளர்ந்தவன்.

தை பிறந்ததும் பாளையங்கோட்டையிலிருந்து என் பழைய சிநேகிதர் அண்ணாச்சி கூப்பிட்டார். அண்ணாச்சிக்கு விளையாட்டுச் சாமான் கடை. மட்டை, பந்து, கேரம் போர்டு, வெற்றிக் கோப்பை. கோப்பைதான் அதிகம் விற்கும்; நம்ம ஊரில் ஆடுகிறவனைவிடப் பரிசு கொடுக்கிறவன் அதிகம் என்பார். மாநில கிரிக்கெட் லீக்கில் ஆடும் ஓர் அணி, இருக்கும் ஊரில் கூட்டம் சேராமல், வேறு ஊர் தேடுகிறதாம். நல்ல இடம் காட்டினால் அவர்களே மைதானம் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்களாம். ஒரு மொத்த வியாபாரி சொல்லி அவர் காதுக்கு வந்திருக்கிறது.

"இடந்தானே வே கேக்கான்? நம்மகிட்ட இல்லாத இடமா? காட்டிருவோம்" என்றார் அண்ணாச்சி. "நீரு எழுதுத ஆளு. இடத்தப் பத்தி அச்சடிச்சு அனுப்புத புஸ்தகம் உம்ம பொறுப்பு."

வெள்ளம் வடிந்த ஊரில் எல்லாருக்கும் ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. சுவர்களில் சேற்றுக்கோடு காய்ந்துகொண்டிருந்தது. எங்கே இரண்டு பேர் நின்றாலும் அன்றைக்கு யார் வீட்டில் எந்தப் படிவரை தண்ணீர் என்ற பேச்சுத்தான். அந்தப் பேச்சை மாற்ற ஓர் அணி வந்தால் போதும் என்று அண்ணாச்சி உண்மையாகவே நம்பினார். நானும் நம்பினேன். மைதானம் வந்தால் அதில் எனக்கும் வேலை உண்டு என்று அவர் சொல்லியிருந்தார். செய்தி எழுதுவது, விளம்பரம் பார்ப்பது, ஒரு மேஜை, ஒரு மின்விசிறி. ஊரில் தங்குவதற்கு ஒரு காரணம்.

இடம் பார்க்கப் பாயையும் கூட்டிக்கொண்டோம். மேலப்பாளையத்துக்காரர். பொதுப்பணியில் குளம், மடை, கால்வாய் என்று முப்பது வருடம் நடந்து தேய்ந்த என்ஜினீயர். வெள்ளத்தன்று அவர் வீட்டில் குர்ஆன் வைத்திருந்த அலமாரியின் கீழ்த்தட்டுவரை தண்ணீர் ஏறி நின்றிருக்கிறது. அதற்குப் பிறகு அவருக்கு உலகத்தில் கேட்பதற்கு ஒரே கேள்விதான் இருந்தது. எந்த இடத்துக்குப் போனாலும் வண்டியை விட்டு இறங்குமுன் கேட்பார்: "வெள்ளத்தன்னைக்கு இங்கன எவ்வளவு நின்னுது?"

முதலில் பார்த்தது பாளையங்கோட்டைக்குத் தெற்கே ஒரு பழைய குளத்தங்கரை. அளந்து வைத்ததுபோல் சமதளம், பஸ் வசதி, எல்லாம் இருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் பாய் கேள்வியைக் கேட்டார்.

"எவ்வளவுன்னா எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்த ஆலமரத்து உச்சியில இருந்தேன். ஆடுதான் கீழ நின்னுச்சு. நீங்க ஆட்டத்தான் கேக்கணும்" என்றார் அவர். பாய் தன் சிறு நோட்டில் ஒரு கோடு போட்டு அந்த இடத்தை அடித்தார்.

அடுத்தது அம்பாசமுத்திரம் ரோட்டில் வயற்காடு. ஆறு பக்கத்தில் ஓடியது; நாரைகள், வாழை, அப்படி ஓர் அழகு. நிலக்காரர் எங்களை மோட்டார் அறை நிழலில் உட்காரவைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். "இடுப்பு அளவுதான் அண்ணாச்சி நின்னுது, அதுவும் அரை நாளு" என்றார். பாய் எழுந்து போய் மோட்டார் அறைச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றார். சேற்றுக்கோடு அவர் தொப்பிக்கு இரண்டு சாண் மேலே போனது.

"இடுப்புன்னியளே, யாரு இடுப்பு? யானை இடுப்பா?"

நிலக்காரர் சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அந்த இடத்தையும் அடித்தோம்.

இப்படி மாசி முழுவதும் அலைந்தோம். கணுக்கால், முழங்கால், இடுப்பு, கழுத்து. பாயின் நோட்டில் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு மனித உடம்பாக நின்றது, தண்ணீர் அதில் ஏறி இறங்கியது. ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்காகத்தான் அவர்களை அக்கா வீட்டுக்கு அழைத்துப்போனேன். கருவாட்டுக் குழம்பு. சாப்பிட்டுக் கை கழுவும்போது பாய் தரிசைப் பார்த்தார். நின்று பார்த்தார். வாயைத் துடைக்காமலே கேட்டார்.

"டீச்சரம்மா, வெள்ளத்தன்னைக்கு இங்கன எவ்வளவு நின்னுது?"

"இங்கனயா? பேஞ்சுது, ஓடிருச்சு. ஒரு சொட்டு நிக்கல."

பாய் நோட்டை மூடிப் பையில் வைத்தார். அவ்வளவுதான். இடம் முடிவாகிவிட்டது. மூன்று படித்த மனிதர்கள், மண்ணைத் தோண்டிப் பார்த்தோம், ரோட்டை அளந்தோம், கிணற்றை எட்டிப் பார்த்தோம். ஒருவரும் தலையைத் தூக்கி மேற்கே பார்க்கவில்லை. தண்ணீரில் அடிபட்டவனுக்குத் தண்ணீர் ஒன்றுதான் எதிரி. மேடு கிடைத்துவிட்டது, அதற்கு மேல் கடவுளிடம் கேட்பதற்கு எங்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

அக்கா தரிசைக் கொடுக்கச் சம்மதித்தாள். குத்தகை விவரமெல்லாம் அண்ணாச்சி பேசினார். அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "பனையத் தொடக் கூடாது." சரி என்றோம். அது ஒரு பெரிய விஷயமாக யாருக்கும் தோன்றவில்லை.

பங்குனியில் புத்தகம் எழுத உட்கார்ந்தேன். வெயில் அசையாமல் நின்ற மாதம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஏறியபோது, பனங்கொண்டைகளுக்கு மேலே, வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வீட்டிலிருந்து மலையைப் பார்த்தேன். நீலம். நீலத்துக்குப் பின்னால் இன்னொரு நீலம். அதன் காலடியில் ஆலங்குளம் பக்கத்துக் காற்றாலைகள், நூறு வெள்ளைக் கொக்குகள் ஒற்றைக்காலில் நிற்பதுபோல், ஓர் இறகும் அசையாமல். என்ன அழகு என்று நினைத்தேன். காற்றாலைகளைப் பார்த்து அழகு என்று மட்டும் நினைத்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தொட்டியின் மேலேயே அந்த வாக்கியம் வந்தது. ஈரக் கையோடு இறங்கி எழுதினேன்.

"இந்த மைதானத்தின் முதல் வரிசையில் பொதிகை மலை வந்து உட்கார்ந்திருக்கும், அதனிடம் யாரும் டிக்கெட் கேட்பதில்லை."

அண்ணாச்சி கடையில் வைத்துச் சத்தமாக வாசித்தார். இரண்டாவது தடவையும் வாசித்தார். "ஓய், இது ஒண்ணுக்கே அணி வந்துரும் வே! அட்டையில போடும்."

பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாம் சரி. அங்கன மலை எங்க தெரியுது? பனைல்லா தெரியுது."

அந்த இடத்தில் வாக்கியத்தை மாற்றியிருக்கலாம். முதல் வரிசையில் முப்பத்தாறு பனைகள் கைதட்டிக்கொண்டு நிற்கும் என்று எழுதியிருக்கலாம். அதுவும் நல்ல வாக்கியம்தான், உண்மையும்கூட. ஒரு பேனா அசைவு. எத்தனையோ கம்பெனிகளுக்காக எத்தனையோ வாக்கியங்களைக் கேட்ட மாத்திரத்தில் மாற்றிக் கொடுத்தவன் நான். பற்பசைக்கு, வேட்டிக்கு, சமையல் எண்ணெய்க்கு. இதை மட்டும் மாற்ற மாட்டேன் என்று ஏன் நினைத்தேன்? இது என் ஊரைப் பற்றியது, இதில் பொய் கலக்கக் கூடாது என்று நினைத்தேன். வாக்கியம் பொய்யாகக் கூடாது என்பதற்காக நிலத்தைத் திருத்தப் போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன்.

"என்னலே, கீரையெல்லாம் ஆயுத. என்ன வேணும்?"

"மேக்கு வரிசப் பனையப் பத்திப் பேசணும்க்கா."

"தொடாதன்னு சொன்னேன்லா."

"எல்லாத்தையும் இல்லக்கா. மேக்கு வரிச மட்டும்."

"மேக்கு வரிசைய விட்டா வேற எங்கன பனை இருக்கு? எனக்கே கணக்குப் பாடம் எடுக்க."

நான் மலையைப் பற்றிச் சொன்னேன். எனக்குச் சொல்லத் தெரியும், அதுதான் கெட்டது. காலையில் எப்படி இருக்கும், மழைக்கு முன்னால் எப்படி நெருங்கி வரும், அவள் காப்பியோடு பின்வாசலில் உட்கார்ந்தால் எதிரே எப்படித் தெரியும் என்று சொன்னேன். அறுபத்திரண்டு வயதுவரை அதன் காலடியிலேயே இருந்துகொண்டு அதைப் பார்க்காமல் விட்டாயே என்றேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

"காத்து உள்ள வந்துரும்லே."

"வரட்டுமேக்கா. கரண்டு பில்லு குறையும்."

அவள் சிரிக்கவில்லை. காம்புகளைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். பிறகு நிமிராமல் கேட்டாள்.

"இது வந்துட்டா நீ இங்கனயே இருப்பியா?"

கையிலிருந்த கொத்தின் காம்பை ஒடித்துத் தட்டில் போட்டேன்.

"இருப்பேன்க்கா."

"நம்ம வீட்டுல சத்தியம் வாங்குத பழக்கம் கிடையாது. ஆமான்னா ஆமாதான்."

"ஆமாக்கா."

"அப்ப வெட்டிக்கோ" என்று எழுந்து கீரையைக் கழுவப் போனாள்.

மலைக்காக அவள் சம்மதிக்கவில்லை. அது அன்றைக்கே எனக்குத் தெரியும்.

பனை வெட்ட அனுமதி வேண்டும். அண்ணாச்சி அலைந்து வாங்கி வந்தார். சித்திரையில் ஆட்கள் வந்தார்கள். அக்கா அன்று பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்கு என்று காலையிலேயே பஸ் ஏறிவிட்டாள். முதல் மரம் சாயும்போது தரை என் பாதத்துக்குள் தட்டியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. வாளிலிருந்து வந்த தூள் கறுப்பும் மஞ்சளுமாக, நனைந்த மிளகைப்போல் கிடந்தது. வடலிகளை அரிவாளால் சரித்தார்கள். அதற்கு வாள்கூட வேண்டியிருக்கவில்லை. பனங்கொண்டைகளில் கூடு வைத்திருந்த உழவாரன் குருவிகள் சாயங்காலம் திரும்பி வந்து, கொண்டைகள் இருந்த உயரத்திலேயே, வெறும் வானத்தில், சுற்றிச் சுற்றிப் பறந்தன. உட்காராத குருவிகள் அவை. பனையைத் தவிர எதிலும் உட்காரத் தெரியாதவை.

அக்கா ஐந்தரை மணி பஸ்ஸில் வந்தாள். பைபிள் பையைத் தோளில் போட்டபடியே வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்து நின்றாள். மேற்கு முழுவதும் திறந்து கிடந்தது. மலை, அதன் பின்னால் மலை, இறங்கும் வெயில்.

"இவ்வளவு பக்கத்துலயாலே இருந்துச்சு?" என்றாள்.

அந்த ஒரு மாதம் எங்களுக்கு நல்ல மாதம். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். தினமும் சாயங்காலம் இரண்டு நாற்காலியைப் பின்வாசலில் போட்டு உட்கார்ந்தோம். அவள் மலையில் ஒவ்வோர் இடமாகக் காட்டி, அது குதிரை மாதிரி இருக்கு, இது நம்ம பெரியப்பா மூக்கு என்றாள். நான் என் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் துணிகளை அவள் அலமாரியில் அடுக்கினேன். அவள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனாள்.

புத்தகம் அச்சாகிப் போய்ச் சேர்ந்தது. அட்டையில் மலை. அணிக்காரர்களிடமிருந்து பதில் கடிதம் வந்தது. ஆனியில் நேரில் வந்து பார்க்கிறோம் என்று.

ஆனி பிறந்த மூன்றாம் நாள் காலையில் பின்கதவு தானாகத் திறந்து சுவரில் மோதிய சத்தத்தில் எழுந்தேன். ஆனிக் காற்று எனக்குத் தெரியாததல்ல. கணவாய் வழியாக வரும், குடையைத் திருப்பும், சைக்கிளைத் தள்ளும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த மேட்டில், அந்த வீட்டில், நாங்கள் இருவரும் அதை ஒருபோதும் சந்தித்ததில்லை. எங்களுக்கு வந்ததெல்லாம் பனை வடிகட்டிக் கொடுத்த மிச்சம். இப்போது முழுசாக வந்தது. செம்மண் தரிசு எழுந்து நடந்து வந்தது. சோற்றில் மண். படுக்கையில் மண். முருங்கை சும்மாவே ஒடியும் மரம். ஒரு பகலில் தோட்டத்தில் பாதிக் கொப்புகள் தரையில் கிடந்தன. தூரத்தில் அந்த வெள்ளைக் கொக்குகள் எல்லாம் வெறிபிடித்துச் சுற்றின.

"ரெண்டு நாளுல நின்னுரும்க்கா" என்றேன்.

அவள் ஒடிந்த கொப்பிலிருந்து கீரையை உருவிக்கொண்டிருந்தாள். "நிக்கட்டும்" என்றாள்.

நிற்கவில்லை. அணியிலிருந்து இரண்டு பேர் அந்தக் காற்றில்தான் வந்தார்கள். ஒருவர் இளைஞர், முழுக்கைச் சட்டை, மேலாளர். இன்னொருவர் ஆடுகளம் தயாரிப்பவர். கறுத்து மெலிந்த பெரியவர், வாழ்நாள் முழுவதும் புல்லைப் பார்த்துக் குனிந்த முதுகு. அண்ணாச்சி பந்தல் போட்டிருந்தார். அவர்கள் வருவதற்கு முன்பே பந்தல் முருங்கைத் தோட்டத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. தரிசின் நடுவில் கோரைப்பாய் விரித்து மூன்று குச்சிகளை நட்டு, ஒரு மாதிரிக் களம் காட்ட ஏற்பாடு. அண்ணாச்சி குச்சிகளின் மேல் அந்த இரண்டு சின்னக் கட்டைகளை வைத்தார். விழுந்தன. மறுபடி வைத்தார். விழுந்தன.

"எச்சியத் தொட்டு வைக்கச் சொல்லும் வே" என்றார் பாய், என் காதுக்குள்.

பெரியவர் அதையெல்லாம் பார்க்கவில்லை. குனிந்து ஒரு பிடி காய்ந்த புல்லைப் பிடுங்கினார். கையை நீட்டி விட்டார். அது கீழே விழவேயில்லை. நேராக அக்கா வீட்டுப் பக்கம் போனது.

"எப்பவுமே இப்படித்தானா?"

"இல்ல சார், இன்னைக்கு மட்டுந்தான்" என்றார் அண்ணாச்சி. "நேத்தெல்லாம் ஒரு எலை அசையல. கேட்டுப் பாருங்க."

பெரியவர் பாயைத்தான் கேட்டார். முகத்தைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொண்டார்போல. பாய் அண்ணாச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "ஆனி, ஆடி, ஆவணி பாதி" என்றார்.

"எங்க மேட்ச் எல்லாம் ஆனி, ஆடியிலதானே சார் வரும்" என்றார் மேலாளர் இளைஞர், கோபமில்லாமல், ஆச்சரியமாக. "உங்களுக்கு அனுப்பின கடிதத்துல முதல் வரியே அதுதான்."

முதல் வரிதான். நான்தான் அந்தக் கடிதத்தை வாசித்து மற்றவர்களுக்குச் சொன்னவன்.

பெரியவர் மேற்கு எல்லைக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம், சட்டைகள் படபடக்க. வரிசையாக அடிமரங்கள். ஒன்றின் மேல் உள்ளங்கையை வைத்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல. அடுத்ததுக்குப் போனார். எண்ணுகிறார் என்று தெரிந்தது. பாதியில் நிறுத்திவிட்டார்.

"இதுங்க நின்னிருந்தா ஏதாச்சும் யோசிச்சிருக்கலாம். ரெண்டு வரிசை சேர்த்து வச்சு, கேலரியை இந்தப் பக்கம் திருப்பி..." அவர் மேலாளரிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "யாரு வெட்டச் சொன்னது?"

அண்ணாச்சி செருப்பைப் பார்த்தார். எனக்கு வாய் திறந்தது. திறந்ததென்றுதான் நினைக்கிறேன். காற்று உள்ளே போனது, அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

அக்கா மோர்ச் சொம்போடு எங்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்திருந்தாள், பறக்காமல் இருக்க. அதை எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"நாந்தான் சார். மலை தெரியட்டும்னு வெட்டச் சொன்னேன்."

பெரியவர் மலையைப் பார்த்தார். தலையை ஆட்டினார். "நல்லாத்தாம்மா இருக்கு" என்று மோரை வாங்கிக்கொண்டார்.

அவள் ஏன் அதைச் சொன்னாள் என்று நான் கேட்டதில்லை. அன்று கேட்டிருக்க வேண்டும். அன்றுகூட வேண்டாம், அவர்கள் கார் கிளம்பியதும் அவள் பின்னால் ஓடி, நான்தான்க்கா, நான்தான் சொன்னேன் என்று அவளிடமாவது சொல்லியிருக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்ததைத்தான் சொல்வேன் என்றாலும் சொல்லியிருக்க வேண்டும். நான் போய்ப் பந்தல் துணியை முருங்கையிலிருந்து பிரித்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

அணி வேறு ஊருக்குப் போனது. அண்ணாச்சி ஒரு வாரம் கடையில் கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை. பிறகு ஏதோ பள்ளிக்கூடம் ஆண்டு விழாவுக்குக் கோப்பைகள் கேட்டு வந்தது, எழுந்துவிட்டார். பாய்தான் ஒருநாள் முக்கூடலுக்கு பஸ் ஏறி வந்தார். பின்வாசலில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, வெகுநேரம் மேற்கே பார்த்துவிட்டு, "முப்பது வருசமாத் தண்ணி வார திசையத்தான் வே பாத்தேன். காத்து வார திசையும் ஒண்ணு இருக்குன்னு அல்லா இப்பத்தான் காட்டுதான்" என்றார். அக்கா அவருக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். எதற்கு எழுந்தார் என்று அவருக்கும் எனக்கும் தெரியும்.

புரட்டாசியில் கோயம்புத்தூரிலிருந்து பழைய கம்பெனிக்காரன் கூப்பிட்டான். ஒரு நாள் யோசித்தேன் என்று எழுத ஆசைதான். அரை மணி நேரம்கூட இல்லை. அலமாரியிலிருந்து துணிகளை எடுத்துப் பெட்டியில் வைத்தபோது அக்கா வாசலில் நின்று, காய்ந்த முருங்கைக்கீரையை ஒரு பொட்டலமாகக் கட்டிக்கொண்டிருந்தாள். நீ இருப்பேன் என்றாயே என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குப் பதில் இருந்தது. மைதானம் வந்தால் என்றுதானே சொன்னேன், வரவில்லையே என்பது அந்தப் பதில். நல்லவேளை, அவள் கேட்கவில்லை. அந்தப் பதிலைச் சொன்னவனாகவும் நான் இருந்திருப்பேன்.

"இட்லிப் பொடியோட சேத்துக்கோ" என்றாள்.

நான் போன பிறகு அந்த ஐப்பசி மழைக்கு முன்னால் அவள் மேற்கு எல்லை முழுவதும் பனங்கொட்டை ஊன்றியிருக்கிறாள். போனில் சொல்லவில்லை. மறு வருடம், இப்போது ஆடியில் இரண்டு நாள் லீவில் வந்தபோதுதான் பார்த்தேன். அடிமரங்களுக்கு நடுவே விரல் அகலத்தில் பச்சைத் தகடுகள், காற்றில் வெட்டிவெட்டி அசைந்தன. அவை வடலியாகிக் காற்றை மறிக்கும்போது எனக்கு அறுபது தாண்டிவிடும். அக்காவுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடப் போய் நிறுத்திக்கொண்டேன்.

இன்று காலை அவள் குளிக்க வெந்நீர் போடப் பின்பக்கத்து அடுப்பில் தீ மூட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே காஸ் இருக்கிறது, ஆனாலும் வெந்நீருக்கு வெளியடுப்புத்தான், அது அவள் பழக்கம். விறகு, அந்தப் பனைகளின் மட்டைகள். இதுதான் கடைசிக் கட்டு என்றாள். தீக்குச்சி கிழித்தாள், அணைந்தது. இன்னொன்று, அணைந்தது. கையைக் கூட்டிப் பிடித்தாள், தலைப்பால் மறைத்தாள், முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி நின்றிருந்தேன். ஒன்பது மணி பஸ்.

"சும்மாதான நிக்க? இங்கன வந்து நில்லு. காத்த மறைச்சுக்கிட்டு."

போய் நின்றேன். மலை என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. காற்று சட்டையை முதுகோடு ஒட்டி அறைந்தது. அவள் என் நிழலுக்குள் குனிந்து கிழித்தாள். பற்றியது. மட்டையின் நுனியில் சின்னதாக ஏறி, தயங்கி, என் காலைச் சுற்றி வந்த காற்றில் ஒருதரம் படுத்தது.

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுலே."

தள்ளி நின்றேன். தீ எழுந்தது. ரோட்டில் ஒன்பது மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எங்கள் நிறுத்தத்தில் நின்றது. இரண்டு பேருக்கும் கேட்டது. அவள் மட்டையை உள்ளே தள்ளினாள், நான் காலை மாற்றி ஊன்றினேன். பஸ் போயிற்று. அடுத்தது பதினொன்றரைக்கு. அண்டா நிறையத் தண்ணீர் இருந்தது, கொதிக்க நேரமாகும்.